மாமா திட்டிய வில்லன்

நேற்று டிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். மனைவிக்குப் புத்தி பிசகிவிட்டதென்று அவளையே நம்பவைக்கும் கணவனின் கதை. எரிச்சல் தாங்காமல் பாதியிலேயே அணைத்துவிட்டேன்.

பத்து வயதில், ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டெல்லா அத்தை வீட்டில் இதே படத்தைப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட ரோஸ் குக்கீஸ் வாசனை ஹால் முழுக்க இருந்தது. மாமா நாற்காலி நுனிக்கு வந்து வில்லனைத் திட்டிக்கொண்டிருந்தார். "பொண்டாட்டிய இப்படியா படுத்துவான்? மனுஷனா இவன்?"

அந்த நேரம் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர் வந்தார். பண்டிகை ஆராதனையில் அத்தை தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று கேட்டார். அத்தையின் முகம் மலர்ந்தது. அவள் வாய் திறப்பதற்குள் மாமா அன்பாகச் சொன்னார்: "நாலு பேரப் பாத்தா இவளுக்கு நடுக்கம் வந்துரும் சார். பாவம், விட்ருங்க."

"காலைல எல்லார் முன்னாடியும் அத்தை சூப்பரா பாடினாங்களே!" என்றேன்.

"இல்லம்மா, மாமா சொல்றதுதான் சரி," என்றாள் அத்தை, என்னைப் பார்க்காமல். வந்தவர் போனதும் மாமா மறுபடி வில்லனைத் திட்டத் தொடங்கினார்.

போன வருஷம் மாமா இறந்தார். "அவரு இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா," என்று அத்தை என் தோளில் சாய்ந்து அழுதாள். அது பொய் அத்தை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சுற்றி நின்றவர்களோ, "பொண்டாட்டிய எப்படித் தாங்கினாரு!" என்று உருகிக்கொண்டிருந்தார்கள். நான் அத்தையின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.