திருப்பிப் போட்ட கிளட்ச் பிளேட்

என் பழைய பிக்கப் வண்டியின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சிலிண்டர் கடையும் ரீபோர் வேலைக்காகக் கழற்றியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் அரளி மொட்டு ஏற்றிச் சேலம் மார்க்கெட்டில் இறக்குவதுதான் என் பிழைப்பு. வண்டி நின்றால் செடி பூக்காமல் இருக்குமா? வேறொருவரின் ஆட்டோவில் மூட்டைகள் போவதை வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளே போவேன். திரும்பவும் வாசலுக்கு வருவேன்.

வேலை முடிந்து வந்த இன்ஜினை மாட்டித் தர மனைவியின் தம்பி வந்தான். திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் போர்வெல் போடும் வேலை அவனுக்கு. அன்று மாலையே ரிக் வடக்கே கிளம்புகிறது. வேலை நடக்க நடக்க அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும், "வாரேனுங்க, முடிஞ்சுதுங்க" என்றான். செயின் பிளாக்கில் தொங்கிய இன்ஜினைவிட அந்த போன்தான் என்னைப் பயமுறுத்தியது.

பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டோம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடத் தொடங்கியது. ஆனால் கிளட்சை அழுத்தி மிதித்தும் கியர் விழவில்லை. கர்ரென்று கத்தியது. மைத்துனன் இறங்கி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"பிளேட்ட முன்னுக்குப் பின்ன மாத்திப் போட்டுட்டேன்னு நெனைக்கிறனுங்க மாமா."

"இப்ப என்ன பண்றது மாப்ள?"

"இன்ஜினு இருக்கட்டுங்க. கியர்பாக்ஸ மட்டும் எறக்கித் திருப்பிப் போடோணும். சேரலைன்னு போல்ட்ட முடுக்கி மட்டும் இழுத்துச் சேத்தாதீங்க, கூடு ஒடஞ்சு போயிரும்."

அதற்குள் ரிக் லாரியே தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு ஓடினான். கோபப்படக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நானும் மனைவியும் வண்டிக்கடியில் படுத்தோம். கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், அவன் சொன்னதுபோலவே பிளேட் திரும்பியிருந்தது. சரியாகப் போட்டு, அதன் நடுத்துளையில் பழைய கியர் ஷாஃப்ட் ஒன்றை விட்டு நேர்பார்த்து முடுக்கினேன். கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றினால் இன்ஜினோடு சேராமல் விரலளவு இடைவெளியில் நின்றுகொண்டது. தள்ளினேன், அசைத்தேன், திட்டினேன். கை தானாக போல்ட்டை எடுத்தது.

"ஏனுங்க, தம்பி என்ன சொல்லீட்டுப் போனான்? அத வைங்க."

"பின்ன எப்படிச் சேரும்?"

"நான் கியருல போட்டுப் பின்னால இருந்து ஷாஃப்ட்ட மெதுவாத் திருப்பறேன். நீங்க புடிச்சுட்டு மட்டும் இருங்க."

முகத்தில் வழிந்த ஆயிலைத் தோளில் துடைத்துக்கொண்டு, கியர்பாக்ஸின் வால் பக்கத்து ஷாஃப்டில் கை வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பினாள். எங்கோ ஒரு பல் இடம் கண்டுகொண்டது. முழுப் பாரமும் என் கையிலிருந்து நழுவி முன்னால் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகுதான் போல்ட்டை எடுத்து மாட்டினேன்.

மதியம் கியர் வெண்ணெய்போல விழுந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டு புதுச்சத்திரம் வரை ஓட்டிப் பார்த்தேன். வழியெல்லாம் ஏதோ சத்தம் கேட்பதாகவே இருந்தது. "உங்களுக்கு மட்டுந்தான் கேக்குது" என்றாள். டீக்கடையில் நிறுத்தியபோதும் இன்ஜினை அணைக்க மனம் வரவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாள். நான் பானெட்டில் ஒரு கையை வைத்தபடி நின்றே குடித்தேன்.