கார் கூரையில் ஏறிய சைக்கிள்கள்

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமாகி இரண்டாம் வருடம், நானும் கணவரும் ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாங்கினோம். சைக்கிள் விடவே நான் அதற்கு முந்தைய மாதம்தான் கற்றிருந்தேன். கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே, கூடைப்பந்துத் திடலில், பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்க, நான் நிஜமாகவே விழுந்து கற்றது. அந்த ரோஷத்தில், புக்கிட் தீமா மலையடிவாரத்துச் செம்மண் பாதையில் ஓட்டியே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்.

அங்கே சைக்கிளிலேயே போய்விடலாம் என்றார் கணவர். லாரிகள் பறக்கும் சாலையில் அவர் வேண்டுமானால் போகட்டும் என்றேன். மிஞ்சியது மாமனாரின் கார்.

மாமனார், அத்தை, நாங்கள் இருவர் என நால்வரும் மூன்றாம் மாடியில் ஒரே வீட்டில் இருந்தோம். வாசலுக்கு வெளியே நீண்ட நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தால் கார் நிறுத்துமிடம். அந்த உயரத்திலிருந்து காரின் கூரைதான் தெரியும். மாமனார் தினமும் காலையில் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடிப்பார். அதில் ஒரு மைனா எச்சமிட்டிருந்தால் காப்பி பாதியில் நிற்கும், மனிதர் துணியோடு கீழே நிற்பார். அவரிடம் போய், அதே கூரையில் இரும்பு ரேக் மாட்டி இரண்டு சைக்கிளைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டோம்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. "சரி. ஆனா நானும் வருவேன். ஒரு கீறல் விழுந்துச்சு, அத்தோட முடிஞ்சது. வீட்டுக்கு வந்ததும் ரேக்கைக் கழட்டிடணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய துண்டுகளை விரித்து, ரேக்கைப் பொருத்தி, சைக்கிள்களை ஏற்றினோம். கணவர் கட்டக் கட்ட மாமனார் அவிழ்த்தார். பிறகு மாமனார் கட்டினார், கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவழியாகக் கிளம்பும்போது அத்தை கையில் கூடையோடு இறங்கி வந்தார்.

"புது வண்டி. பூசை போடாம காட்டுக்குள்ள போறதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

புக்கிட் தீமாவுக்குப் போக வேண்டிய கார், கோயிலும் பூக்கடையுமாக இருக்கும் தேக்காவுக்குப் போனது. கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தினோம். குருக்கள் தட்டோடு வந்து, வழக்கம்போல் கார்ச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார்.

"சாமி, கார் பழசு. புதுசு மேல இருக்கு," என்றார் அத்தை.

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "மேல இருக்கிற சக்கரத்துக்கு நான் எப்படிம்மா பழம் வைக்கிறது?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. பூக்கடைக்காரர், கூரைமேலேயே பழத்தை வைத்துச் சக்கரத்தால் அமுக்கிவிடலாம் என்று யோசனை சொன்னார். மாமனார் அவரைப் பார்த்த பார்வையில் பூவெல்லாம் வாடியிருக்க வேண்டும். "எலுமிச்சைச் சாறு பெயிண்டை அரிச்சிடும் லா. இறக்குங்க கீழே."

எல்லாவற்றையும் அவிழ்த்து இறக்கினோம். சந்தனம், குங்குமம், கற்பூரம், தேங்காய் எல்லாம் முறையாக நடந்தது. கடைசியில் பழத்தின் மேல் நான் ஓட்ட வேண்டும். முதல் பழம் நசுங்காமல் உருண்டு சாக்கடைக்குப் போய்விட்டது. இரண்டாவதில் குறி தப்பவில்லை. தேக்காவே கைதட்டியதுபோல் இருந்தது எனக்கு. சாமி சத்தியமாக, பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு பெருமைப்படவில்லை.

மறுபடி ஏற்றி, மறுபடி கட்டி, அத்தையை வீட்டில் இறக்கிவிட்டு மலையடிவாரம் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அன்று நான் ஓட்டியதை ஓட்டம் என்று சொன்னால் கணவர் இன்றும் சிரிப்பார். வேரில் முட்டினேன், சேற்றில் சாய்ந்தேன். ஆனால் ஓர் இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பறந்தேன். காற்று காதில் இரைய, வாய்விட்டுக் கத்தினேன். இனி எல்லா ஞாயிறும் இது வேண்டும் என்று அங்கேயே ஆசை பிடித்துக்கொண்டது.

மூச்சு வாங்கக் காருக்குத் திரும்பினேன். காவலுக்கு நின்ற மாமனார் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கொஞ்சம் குடும்மா, பார்ப்போம்."

இஸ்திரி போட்ட கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு ஏறினார். கார் வாங்குவதற்கு முன் துறைமுக வேலைக்குப் பல வருடம் சைக்கிளில் போனவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. மரங்களுக்குள் மறைந்தவர் வரவேயில்லை. கணவர் தேடிப் போகலாமா என்று யோசிக்கும்போது, முதுகெல்லாம் சேறு தெறிக்க, எதிரே வந்த வெள்ளைக்காரரை மணியடித்து விலகச் சொன்னபடி வந்து நின்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதே சிரிப்போடு, "நீங்க கட்டுனா ஆடும், தள்ளுங்க," என்று சைக்கிளைத் தனியாகத் தூக்கினார். சேற்றுக் கை வழுக்கியது. பெடல் கூரையில் இறங்கி, கீச்சென்று இழுத்துக்கொண்டு போனது.

ஒரு சாண் நீளம். வெள்ளையாக, கூரையின் நட்டநடுவில்.

என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனார் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார். பிறகு காரில் ஏறினார்.

கார் நிறுத்துமிடத்தில் கணவர் சைக்கிள்களை இறக்கிவிட்டு, சொன்ன சொல் மாறாமல், ரேக்கைக் கழட்ட ஸ்பேனரை எடுத்தார். மேலே நடைபாதையில் அத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் அண்ணாந்து ஒரு முறை பார்த்தார். சேறு துடைத்த பழைய துண்டை எடுத்து, ரேக்குக்கு அடியில், சரியாக அந்த இடத்தில் பரப்பினார்.

"கழட்டாதே, இருக்கட்டும்," என்றார். "வாராவாரம் யார் மாட்டிக்கிட்டு இருக்கிறது?"