பதினேழாம் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றாத புதன்கிழமை

1. விதி

மூலப் பத்திரம் ஒன்று கருமபீடத்தில், அதாவது கவுண்டரில், காட்டப்பட்டால், பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, அன்றைக்கே உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன்மேல் அலுவலகக் குறிப்பு எதையும் எழுதக்கூடாது. பிரதேச செயலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதை மனப்பாடம் செய்தேன். ஓய்வு பெற்ற நாள்வரை புதிதாக வந்தவர்களுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன்.

விதியின் முதல் பாதியை ஒழுங்காகப் பின்பற்றினேன். இரண்டாம் பாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதைத் தவிர, என் கருமபீடக் கண்ணாடியில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘போட்டோ கொப்பி ஏற்கப்படமாட்டாது.’ அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. பிரதியை மட்டும் கொண்டு வருகிறவர்களோடு தினமும் தர்க்கம் பண்ண முடியாமல் நானே எழுதி ஒட்டியது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பதிவு அப்போது என் மேசையில் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்கு வைக்கவில்லை.

2. பார்வையாளர்

இந்த வருடம் ஜூன் மாதம் என் மனைவி ஹாஜராவைக் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். கூட ஒருவர்தான் உள்ளே நிற்கலாம் என்றார்கள். மகள் நின்றாள். எனக்கு மூன்று மணித்தியாலம் போக்க வேண்டியிருந்தது. வெளியே வெயில். வீதிக்கு எதிர்ப்பக்கம் பழைய களஞ்சியம் ஒன்றைத் திருத்தி யாரோ தனியார் நடத்தும் சமகாலக் கலை நூதனசாலை. அனுமதி இலவசம், உள்ளே குளிர் என்று வாசலில் நின்றே தெரிந்தது. கலைக்காக உள்ளே போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அரசாங்கக் கட்டடம் எதற்குள் போனாலும் எனக்கு வழி தெரியும். எங்கே வரிசை, எங்கே கையொப்பம், யாரிடம் முதலில் வணக்கம் சொல்வது என்று தெரியும். இங்கே எதுவும் தெரியவில்லை. வருகைப் புத்தகத்தைத் தேடினேன், இல்லை. முதல் அறையில் வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது, எங்கிருந்தோ ஒரு முனகல் சத்தம் வந்தது. மூலையில் ஒரு கதிரை. அதன் பக்கத்தில் சீருடை போட்ட பெண் ஒருவர் நின்றார்.

“இதில இருக்கலாமா?”

“அனே, இருக்க வேணாம் அங்கிள். அது காட்சிக்கு வச்ச கதிரை.”

“அப்ப உங்கட கதிரை எங்க?”

“எனக்குக் கதிரை இல்ல அங்கிள். நான் நிக்கிறதுதான்.”

அவர் பெயர் சுமித்ரா. சிலாபத்துக்காரி. வீட்டில் தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிறவர். நான் எதன் மேலாவது சாய்ந்துவிடுவேனோ என்று பயந்து அடுத்த அறைக்குள்ளும் என் பின்னாலேயே வந்தார். எனக்கும் அதே பயம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

3. உப்பு

இரண்டாம் அறையில் தாழ்வான மேசைகளில் இருபத்துநான்கு கண்ணாடிப் பெட்டிகள். மேல் மூடி இல்லை. ஒவ்வொன்றிலும் உப்பு, உப்புக்குள் பாதி புதைந்தபடி ஒரு தாள். உப்பு புத்தளத்து உப்பு. கல்லும் சாம்பல் நிறமும் பார்த்தவுடனே தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் உப்புக் காற்றுப் பட்டே இரும்பு அலுமாரி இரண்டு வருடத்தில் பொரிந்துபோகும்.

சுவரில் மூன்று மொழியிலும் விளக்கம். பழக்கதோஷத்தில் முதலில் தமிழில் பிழை தேடினேன். பிழை இல்லை. பிறகுதான் விஷயத்தை வாசித்தேன். இவை புத்தளத்தில் வாழும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொடுத்த பத்திரங்களின் பிரதிகள். ஒவ்வொரு புதன்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்கு உப்பின்மேல் நீர் ஊற்றப்படும். காட்சி முடியும்போது எழுத்து எதுவும் மிஞ்சாது.

அன்றைக்குப் புதன்கிழமை.

பிரதிகள்தானே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் கறுப்பு வெள்ளைக் கொப்பிகள். பதினேழாம் பெட்டியில் நின்றுவிட்டேன். தாளின் மேல் ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோப்பு இலக்கம் எழுதியிருந்தது. கொப்பியில் நீலம் விழாது, சாம்பலாகத்தான் விழும். இது நீலமாகவே இருந்தது. ‘2’ என்ற எண்ணை நான் கொக்கி போட்டுத்தான் எழுதுவேன். அதிலிருந்த ‘2’க்கும் அதே கொக்கி இருந்தது.

கோப்பு தேட லேசாக இருக்கும் என்று மூலப் பத்திரங்களின் ஓரத்தில் நான் இப்படி எழுதி வந்தேன். விதியின் இரண்டாம் பாதி இதுதான்.

அது மன்னாரில் ஒரு காணியின் அனுமதிப்பத்திரம். சனங்கள் பேர்மிட் என்பார்கள். பெயர், மன்னாரிலிருந்து வந்து ஆலங்குடாவில் இருக்கும் பௌசியாவின் வாப்பாவுடையது. அவர் மௌத்தாகிப் பல வருடம். அவருக்குப் பின் காணி சேர வேண்டிய பின்னுரித்து மகள் பௌசியாவுக்கு. அதே காணியை வேறு இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். ஜூன் முப்பதாம் திகதி மன்னாரில் விசாரணை. ஓய்வு பெற்றபின் மனு எழுதிக் கொடுக்கும் என்னிடம்தான் பௌசியா வந்தார். பேர்மிட் எங்கே என்று கேட்டதற்கு, “ஒபிஸ் ஆக்கள் வந்து வாங்கிட்டுப் போனாங்க சேர். துண்டு எழுதித் தந்திரிக்காங்க. பத்திரமா இரிக்கும்,” என்றார். ஏதோ அரசாங்கத் திணைக்களம் என்று நினைத்து நானும் அந்த ரசீதுத் துண்டைக் கேட்டுப் பார்க்கவில்லை.

திணைக்களம் இதுதான். பத்திரமாகத்தான் இருந்தது, உப்புக்குள்.

4. மூன்று மணி

மணி இரண்டு பத்து. தாளின் கீழ்ப் பாதியில் மை ஏற்கெனவே கலங்கியிருந்தது. நாலு வாரமாக ஊற்றியிருக்கிறார்கள்.

“மகள், இது கொப்பி இல்ல. ஒரிஜினல்,” என்று சுமித்ராவிடம் சொன்னேன். பெட்டியைச் சுற்றித் தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி என் கை நீண்டதை நானே கவனிக்கவில்லை.

“அங்கிள், கோட்டுக்கு அங்கால போக வேணாம்! எல்லாம் கொப்பி எண்டுதானே எழுதி இரிக்கி.”

“எழுதினவர் பிழையா எழுதிட்டார். இதில உள்ள நம்பர் நான் போட்டது.”

சுமித்ரா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கலையைத் தன் கையெழுத்து என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் அங்கே அடிக்கடி வருவார்கள் போலிருந்தது.

பொறுப்பாளருக்குக் கோல் எடுக்கச் சொன்னேன். எடுத்தார். பதில் இல்லை. மீண்டும் எடுத்தார். கூட்டத்தில் இருக்கிறாராம். இந்தக் காட்சியைச் செய்த கலைஞர் வெளிநாட்டில். “இந்தப் பெட்டிக்கு மட்டும் இண்டைக்கு ஊத்தாம விடுங்க,” என்று கெஞ்சினேன்.

“நான் நினைச்சா விட ஏலாது அங்கிள். ஓடர் வேணும்.”

இந்த வசனத்தை முப்பது வருடம் நான் சொல்லியிருக்கிறேன். இதே அமைதியோடு, ஒரு சொல் கூடாமல் குறையாமல். எதிர்ப்பக்கம் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை.

தாளைத் தூக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடலாமா என்றும் யோசித்தேன். ஈரத் தாள் தூக்கினால் கிழியும். கிழியாவிட்டாலும், திருடப்பட்ட பத்திரம் எந்த விசாரணையிலும் செல்லாது.  உட்கார்ந்து யோசிக்க முதல் அறையில் ஒரு கதிரைதான் இருந்தது, அதில் உட்காரக்கூடாது.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சுமித்ரா பூவாளியோடு வந்தார். முதலாம் பெட்டியில் தொடங்கினார். ஆறாம் பெட்டியில் நிறுத்தி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அங்கிள், ஒரு ரூல் இரிக்கி. விசிட்டர் ஆக்கள் கோட்டுக்குக் கிட்ட நிக்கக்குள்ள அந்தப் பெட்டிக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. நிலம் வழுக்கும்தானே.”

“எத்தனை மணி வரைக்கும் விசிட்டர் நிக்கலாம்?”

“அஞ்சு மணிக்கு மூடுறது.”

நான் பதினேழாம் பெட்டியின் கோட்டில் கால் இரண்டையும் ஒட்டி வைத்து நின்றேன். அவர் மற்ற இருபத்துமூன்று பெட்டிகளுக்கும் ஊற்றினார். மூன்றரைக்கு ஹாஜராவின் அழைப்பு வந்தது.

“என்னங்க, எங்க நிக்கிறீங்க? டொக்டர் விட்டுட்டாரு. வேன்காரன் சத்தம் போடுறான்.”

“நகர ஏலாது. முன்னுக்கு இரிக்கிற கட்டடத்துக்கு வா.”

ஒரு கண்ணில் கட்டோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பெட்டிக்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார்.

“இத்தனை வருஷம் சனத்த லைன்ல நிக்க வச்சீங்களே. இப்ப நீங்க நில்லுங்க,” என்றார். சொல்லிவிட்டுப் பெட்டியின் மறுபக்கக் கோட்டில் அவரும் நின்றுகொண்டார். மகள்தான் வேன்காரனைச் சமாளிக்கப் போனாள்.

ஐந்து மணிக்கு சுமித்ரா அறிக்கைப் படிவத்தோடு வந்தார். செய்யாமல் விட்டதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. “இதில என்ன எழுதுறது அங்கிள்?”

சொல்லிக் கொடுத்தேன்: ‘பார்வையாளர் அருகில் நின்றமையால், விதிப்படி நீர் ஊற்றப்படவில்லை.’

“லஸ்ஸனய்,” என்றார். அழகாக இருக்கிறதாம். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு எனக்கு விளங்கிய விமர்சனம் அது ஒன்றுதான்.

5. பௌசியாவின் பதில்

மறுநாள் ஆலங்குடாவுக்குப் போனேன். பௌசியா முற்றத்தில் சின்ன வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். துண்டைக் கேட்டேன். கொண்டுவந்தார். அதில் அச்சிலேயே ‘பிரதி ஒன்று பெறப்பட்டது’ என்று இருந்தது.

“இவங்க கொப்பிதானே கேட்டிருக்காங்க?”

“ஓம் சேர். கொப்பி தாங்கண்டுதான் கேட்டாங்க.”

“பிறகு ஏன் ஒரிஜினலக் குடுத்தீங்க?”

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். “கொப்பி குடுத்தா ஏத்துக்கமாட்டாங்க, திருப்பி அலைய விடுவாங்க எண்டுதான் சேர். உங்கட கண்ணாடியில எழுதி இருந்திச்சே. நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு நாலு தரம் வந்தன்.”

கொப்பி எங்கே என்று கேட்டேன். உள்ளே போய் எடுத்துவந்தார். லெமினேட் பண்ணி, துணியில் சுற்றி, பெட்டகத்துக்குள் வைத்திருந்தார். நூதனசாலையில் நடந்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை. “உப்புக்குள்ளயா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “முப்பதாம் திகதிக்கு முந்தி வருமா சேர்?” என்றார். வரும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கவில்லை.

6. கடிதம்

பத்திரத்தைத் திருப்பித் தரும்படி நூதனசாலைக்குப் பதிவுத் தபாலில் ஒன்று, மதுரங்குளியில் ஒரு கொமியூனிக்கேஷன் கடையிலிருந்து மின்னஞ்சலில் ஒன்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது. கடிதம் கிடைத்ததாக இயந்திரம் அனுப்பிய பதில். நாலு நாளில் இன்னொன்று: இது மூலப்பிரதி என்பதற்கு ஆதாரம் என்ன?

ஆதாரம் ஒன்றுதான். அதை எழுத இரண்டு நாள் எடுத்தேன். ‘மேற்படி பத்திரத்தின் ஓரத்தில் காணப்படும் நீலப் பென்சில் இலக்கம், விதிக்கு மாறாக என்னால் எழுதப்பட்டது. விதியை அறிந்தே எழுதினேன்.’ கையொப்பமிட்டு, சமாதான நீதவான் முன்னிலையில் உறுதிப்படுத்தி அனுப்பினேன். என் சேவைக் காலத்தில் எனக்கு எதிராக ஒரு விளக்கக் கடிதமும் கேட்கப்பட்டதில்லை. முதலாவதை நானே எழுதிக்கொண்டேன்.

இதற்கிடையில் வந்த புதன்கிழமை மூன்று மணிக்கு நூதனசாலைக்குக் கோல் எடுத்து சுமித்ராவைக் கேட்டேன்.

“பயப்பட வேணாம் அங்கிள். பதினேழுல ஒரு விசிட்டர் நிக்கிறாங்க.”

“யாரு?”

“எங்கட மாமி. டிக்கட் இல்லத்தானே.”

அதற்கடுத்த புதன்கிழமைகளிலும் மாமிதான் நின்றாராம். கால் வலி என்று ஏசினாராம்.

முப்பதாம் திகதி பௌசியாவோடு மன்னாருக்குப் போனேன். விசாரணை உத்தியோகத்தர் இளைஞர், மரியாதையானவர். லெமினேட் பண்ணிய கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மா, கொப்பி ஏற்க ஏலாது. ஒரிஜினல் கொண்டு வாங்கோ,” என்றார். பௌசியா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. ‘நான் சொன்னேனே, சரிதானே’ என்கிற மாதிரி இருந்தது. என் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். அதை வாசித்தபிறகு பத்து நாள் தவணை தந்தார். ஜூலை பத்தாம் திகதி வெள்ளிக்கிழமையோடு முடியும். அதற்குள் வராவிட்டால் பத்திரம் சமர்ப்பிக்கப்படவில்லை என்று பதிவாகும்.

கருமபீடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கண்ணாடியில் எதையும் ஒட்டுமுன் அது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒட்டாதீர்கள். சனங்கள் சுற்றறிக்கையை வாசிப்பதில்லை. கண்ணாடியைத்தான் வாசிக்கிறார்கள், வாசித்ததை மறப்பதும் இல்லை.

அந்த நாட்களெல்லாம் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து படலைக்குப் போனேன். ஹாஜரா கண் கட்டு அவிழ்த்துவிட்டு வாசலிலேயே இருந்தார். பௌசியா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

கடைசியில் வந்த உறை கனமாக இருந்தது. அவர் முன்னால்தான் பிரித்தேன். உள்ளே ஒரு மன்னிப்புக் கடிதம், இரண்டு மட்டைக்கு நடுவில் காய்ந்து விறைத்த தாள். கீழ்ப் பாதியை உப்பு தின்றிருந்தது. அங்கே அச்சிட்டிருந்த நிபந்தனைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“வாப்பாட பேரு இரிக்கா சேர்?”

“இரிக்கி.”

“காணி நம்பர்?”

“இரிக்கி. கையொப்பமும் இரிக்கி.”

அவர் தாளைத் தொடாமல் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு, மன்னாருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

கடிதத்தில் இட்டிருந்த திகதி ஜூலை 2. எங்கள் கைக்குக் கிடைத்த திகதி ஜூலை 9, வியாழக்கிழமை.