மே மாதத்தில் சுடாத ஹீட்டர்

பிப்ரவரி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. ஹைதராபாத் தார்நாகாவில் பதினாறு டிகிரி, லேசான பனிமூட்டம், காற்று இல்லை. இரண்டு ஸ்வெட்டரும் ஒரு மஃப்ளருமாக உட்கார்ந்து ஏழாவது தும்மலுக்குக் காத்திருந்தபோது, அமெரிக்காவிலிருந்து மகன் வீடியோவில் வந்தான். அங்கே சனிக்கிழமை சாயங்காலம், முழங்கால் வரை பனி. போன வருடம் பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். மோட்டார்ஹோம் என்கிறார்கள், உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, விடுமுறைக்கு அதில் போய் முட்டி இடித்துக்கொண்டு படுக்கிறார்கள்.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவைத் திறந்து காட்டினான். "தண்ணிக் குழாயெல்லாம் இந்த அறைலதாம்பா இருக்கு. உறையாம இருக்க ஒரு குட்டி ஹீட்டர். அது போயிடுச்சு. நானே மாத்திட்டேன். ஃபார்ட்டி மினிட்ஸ்!"

"எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்டேன்.

"கையெழுத்தா? எதுக்குப்பா?"

பாவம், நாற்பது நிமிடத்தில் முடிந்ததையெல்லாம் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த மாதிரிச் சின்னக் கதவுக்குப் பின்னால் என்ன மணக்கும் என்பது எனக்குத் தெரியும். ஈர ரப்பர், கொஞ்சம் டீசல், கொஞ்சம் துரு. எழுபதுகளின் நடுவில் குஷாய்குடா பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நான் இளநிலைப் பொறியாளன். எங்கள் கருவிகளை இமயமலைக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பதற்கென்று இதே மாதிரி ஒரு வண்டி இருந்தது. வெளிநாட்டில் யாரோ இனி போதும் என்று விட்ட பிறகு நம் நாட்டு முன்னேற்றத்துக்காக வந்து சேர்ந்தது. வருடத்தில் நான்கு மாதம் எனக்கும் டிரைவர் யூசுப் பாய்க்கும் அதுதான் வீடு.

யூசுப் பாயின் பூர்வீகம் ஆம்பூர், வளர்ந்தது சிகந்திராபாத். ஒரு டிசம்பரில் தண்ணீர் அறையின் ஹீட்டர் செத்தது. குழாய் கல்லாக உறைந்தது. அதை இளக்க அவர் கீழே ஸ்டவ்வை வைத்துப் பற்றவைத்தார். குழாய் வெடித்தது, ஸ்டவ் கவிழ்ந்தது, அவருடைய இடது உள்ளங்கை வெந்தது. மார்ச்சில் கட்டைப் பிரித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "நக்கோ சார், வேண்டாம். ஹீட்டர் இல்லாம இனி அந்த மலைக்கு நான் வண்டி எடுக்கமாட்டேன். இந்தத் தடவை உள்ளங்கை. அடுத்த தடவை மூஞ்சி."

எடுக்க மறுத்தால் வேலை போகும். எடுத்தால் எது போகும் என்று அவர்தான் சொல்லிவிட்டாரே.

விதிப்படி டெண்டர் விட்டு, விலை குறைவானவரைத் தேர்ந்தெடுத்து, பாலாநகர் பட்டறை ஒன்றிலிருந்து ஏப்ரலில் ஹீட்டர் வந்தது. பரிசோதனை அதிகாரி முத்தையா திருநெல்வேலிக்காரர். நிழலிலேயே நாற்பத்தோரு டிகிரி. மின்சாரம் கொடுத்து, ஹீட்டர் மேல் கையை வைத்தார்.

"ஹீட்டருன்னா சுடணும்லா வே? இது பச்சத்தண்ணியா கெடக்கு."

"குளிர் நாலு டிகிரிக்குக் கீழ போனாத்தான் சார் இது சுடும். உள்ள தெர்மோஸ்டாட் இருக்கு. அதுவரைக்கும் சும்மா இருக்கணும். அதுதான் இதோட வேலை" என்றேன்.

"சும்மா இருக்கதுக்கு ஒரு மெஷினா? அதுக்கு இங்க ஆபீஸ்லயே ஆளு இருக்குல்லா."

நிராகரித்தார். பட்டறைக்காரர் உலகம் தெரிந்தவர். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொன்று அனுப்பினார். முத்தையா தொட்டார், துள்ளினார், விரலை வாயில் வைத்துக்கொண்டே சந்தோஷமாகக் கையெழுத்திட்டார். அதைப் பொருத்தி, திருமுல்கேரி வரை வெள்ளோட்டம் போனோம். பாதி வழியில் சின்னக் கதவின் இடுக்கில் ஆவி வந்தது. திறந்தால், பிளாஸ்டிக் குழாய்கள் வெந்த சேமியாவாகத் தொங்கின.

"மலை வரைக்கும் எதுக்கு சார்?" என்றார் யூசுப் பாய். "இங்கயே டீ போட்டு வித்துக்கலாம்."

மூன்றாவது ஹீட்டர் மே மாதம், தெர்மோஸ்டாட்டோடு வந்தது. முத்தையா கை வைத்தார். பச்சைத்தண்ணீர். மூன்றாவதும் தேறாவிட்டால் ஆர்டர் ரத்து, மறுபடி முதலிலிருந்து டெண்டர் என்பது விதி. அதற்குள் குளிர்காலம் வந்து போய்விடும். கெஞ்சினேன்.

"ரெண்டு நாளு தாரேன். சுட வச்சுக் காட்டும்" என்றார்.

ஹைதராபாத்தில் நான்கு டிகிரி வர இரண்டு நாள் போதாது, இரண்டு யுகம் வேண்டும். அன்று சாயங்காலம் சக ஊழியர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் ஒரு பெரிய ஐஸ் கட்டியை வைத்து, அதன் பின்னால் மின்விசிறியை ஓட விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி நாலு பேர், ஐஸைச் சுற்றி நாற்பது பேர். மரத்தூளும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. இன்று எந்தக் கல்யாணத்திலும் அது கிடையாது. ஏசியும் பன்னீர்த் தெளிப்பும்தான். அந்த ஐஸுக்கு முன்னால் நின்று, இந்த ஊரில் குளிருக்கு எங்கே போவது என்று கால் மணி நேரம் கவலைப்பட்டேன். பட்டம் பெற்ற பொறியாளன். சட்டைக் கை நனைந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை சிகந்திராபாத் ஐஸ் பேக்டரியில் இரண்டு கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். சீட்டு நனைகிறது என்று ஆட்டோக்காரர் வழியெல்லாம் என் பரம்பரையை விசாரித்தார். கேன்டீனில் உப்பு வாங்கி, ஐஸ் மேல் தூவி, தண்ணீர் அறைக்குள் ஹீட்டரோடு வைத்துக் கதவை மூடினோம். முத்தையா நாற்காலி போட்டு உட்கார்ந்து கோப்பால் விசிறிக்கொண்டார். யூசுப் பாய் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டு. ஒன்பது. ஆறு. ஆறிலேயே வெகுநேரம் நின்றது. பிறகு மூன்றரை.

கதவைத் திறந்து முத்தையா கை வைத்தார். எடுக்கவில்லை.

"சுடுதே!" என்றார் தனக்குள். உடனே என் பக்கம் திரும்பினார். "பொறவு எதுக்கு வே இத்தன நாளு குளிராத எடத்துல வச்சுக் காட்டுனீரு?"

ஆக, தப்பு என்மேல்தான். கையெழுத்து விழுந்ததே, அது போதும்.

டிசம்பரில் மலைமேல் முதல் விடியல். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. யூசுப் பாய் குழாயைத் திறந்தார். அது இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீரை விட்டது. முகம் கழுவினார். இடது கையை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நீட்டியபடி இருந்தார்.

"ஹவ் சார், ஆமா" என்றார். "வருது."

ஊர் திரும்பி, ஐஸ், உப்பு, ஆட்டோ மூன்றுக்கும் பில் போட்டேன். ஹீட்டர் கணக்கில் ஐஸ் எப்படி வந்தது என்று தணிக்கையில் கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் விளக்கினேன். ஏற்றுக்கொள்கிறோம், மீதமுள்ள ஐஸை ஸ்டோர்ஸில் ஒப்படைத்துவிட்டு ரசீது இணைக்கவும் என்று பதில் வந்தது. பணம் வரவில்லை.

அந்த வண்டியை ஏலத்தில் விட்டு, எடைக்குப் போட்டுப் பழைய இரும்பாக்கினார்கள். ஐஸ் பேக்டரி இருந்த இடத்தில் மூன்று மாடிக்குச் செல்போன் விற்கிறார்கள். முத்தையா இல்லை, யூசுப் பாயும் இல்லை. ஒரு மனிதர் ஒரு குளிர்காலம் முழுவதும் தினமும் குழாயைத் திறந்து பயமில்லாமல் முகம் கழுவினாரே, அதற்கு என் கையிலிருந்து போனது பதினொரு ரூபாய் இருபத்தைந்து காசு.