குழாய்க்குப் பூக் கேட்ட பஞ்சாயத்து

தலைவரே, நீங்கள் சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன் — தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுக்க. உள்ளே மெம்பர்கள் கூட்டம். முடிந்ததும் கொடுக்கலாம், உட்காருங்கள் என்றார் கிளார்க். சுவர் ஓர பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கூட்டம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? தலைவர் மேஜை மேலே மாரியம்மன் படம். ஊதுபத்தி, கற்பூரம். எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். திருநீற்றுத் தட்டு வந்தது. நானும் பூசிக்கொண்டேன். தப்பாகவே தோன்றவில்லை. நம் ஊரில் பனியன் மெஷினை ஆன் பண்ணுவதே சாமி கும்பிட்டுவிட்டுத்தானே?

ஒருத்தர் மட்டும் தட்டைப் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிட்டார். கிழக்கு வீதி மெம்பர் ஸ்டெல்லா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெண்களுக்கு ஒதுக்கின வார்டில் நின்று ஜெயித்தவர். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கிழக்கு வீதிக்கு ஒரு குடிநீர்க் குழாய். சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கி அங்கே கிணறு கெட்டுவிட்டது. சேந்தினால் ஒரு நாள் ஊதா, ஒரு நாள் பச்சை. பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து, தலைவர் குடியிருக்கிற மேற்கு வீதிக் குழாயில் கடைசி ஆளாக நிற்கிறார்கள். மேற்கு வீதிக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் இவர்கள் குடம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் குழாய், தலைவரின் அண்ணன் தோட்டத்து ஓரமாகப் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். ஸ்டெல்லாவோடு சேர்த்து மூன்று பேர் சரி என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். தலைவர் ஓட்டு ஒன்றுதான் பாக்கி.

தலைவர் தாடையைத் தடவினார். "எதுக்குங்க நமக்குள்ள பொல்லாப்பு... ஆத்தாகிட்டயே கேட்டுப்போடலாம்" என்றார்.

தமாஷ் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு இலைப் பொட்டலம் வந்தது. ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் குழாய் உண்டு. சிவப்பு வந்தால் இல்லை. படத்தின் முன்னால் வைத்துக் குலுக்கி, கிளார்க்கை எடுக்கச் சொன்னார்கள்.

பூக் கேட்பது எனக்குப் புதிதா? என் பெண் கல்யாணத்துக்கே கேட்டிருக்கிறேன். அது என் வீட்டுக் காரியம். வாழ்ந்தாலும் கெட்டாலும் நாங்கள்தான். ஊருக்குப் பொதுவான தண்ணீருக்கு? கவர்ன்மென்ட் ஆபீசில்? பெஞ்சில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிவப்பு வந்தது.

ஆத்தா உத்தரவு தரவில்லை என்றார் தலைவர். முகத்தில் அத்தனை நிம்மதி. குழாய் வேண்டும் என்று கை தூக்கிய மற்ற இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவரை எதிர்த்துப் பேசலாம். அம்மனை எதிர்த்து எவன் பேசுவான்?

ஸ்டெல்லா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க தலைவரே, போன மாசம் உங்க வீதிக்கு ரெண்டாவது குழாய் போட்டீங்களே... அதுக்கு என்ன பூவுங்க வந்துச்சு?"



"அது வேறீங்க அம்மிணி" என்றார் தலைவர்.

கிளார்க் தீர்மானப் புத்தகத்தை நீட்டினார். 'நிதி இல்லாமையால் ஒருமனதாக ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. ஸ்டெல்லா படித்துப் பார்த்தார். "பூக் கேட்டோம், சாமி வேண்டாம்னுருச்சுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

"அதை எப்படீங்க ரெக்கார்டுல எழுதறது?"

பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, மதிய ஷிப்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுத வெட்கப்படுகிற காரணத்தை வைத்து முடிவு செய்ய மட்டும் வெட்கமில்லையா? நாளைக்கு ஸ்டெல்லா தலைவரானால்... அவர் ஜெபம் பண்ணி, பைபிளைப் பிரித்து, 'மேற்கு வீதிக்குக் குழாய் வேண்டாம் என்று வசனம் வந்துவிட்டது' என்றால் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வோமா? ஆபீஸ் கூரையைப் பிரித்துவிடுவோம். மாரியம்மன் கோயிலுக்கு நானும்தான் போகிறேன். அந்தத் தாயை ஒரு வீதியின் தண்ணீரை மறுக்கிற ஆளாக்கியது யார்?

நானும் வாயைத் திறக்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தலைவரே, அடுத்த கிராம சபையில் இரண்டு வீதி ஜனமும் இருக்கும்போது, மைக்கைப் பிடித்து ஸ்டெல்லாவுக்குப் பதில் சொல்லுங்கள் — உங்கள் வீதிக்கு என்ன பூ வந்தது?