கிரீடத்தின் மேல் குடம்

தில்லியில் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் ஒரு சக்ரவர்த்தியின் மேல் நடந்துதான் போக வேண்டும். சாலைக்கெல்லாம் அவர்கள் பெயர். ஊரில் எங்கள் சோழனுக்கு வாய்த்தது பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு லாட்ஜ். கோல் மார்க்கெட் பக்கம் இத்தனை வருஷம் குடியிருந்தும் இது எனக்குச் செரிக்கவில்லை.

அதனால்தான், குடியரசு தினத்துக்குக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் போடும் ‘பாரத வரலாறு’ நாடகத்தில் தெற்குக்கு இரண்டு நிமிஷம் என்று நாடகத்தை நடத்தும் மாடிவீட்டு சுக்லாஜி அறிவித்ததும் அன்றைக்கே எழுதிவிட்டேன். சோழன் வடக்கே படையெடுக்கிறான். தோற்ற ராஜாக்கள் தலையில் கங்கைக் குடம். செப்பேட்டில் உள்ளதுதான். சோழனாக என் மகள் நித்யா. போன வருஷம் அவள் மரம். இந்தி எழுத்தில் நான் எழுதிக் கொடுத்த தமிழ் வசனத்தை ஒரு வாரமாக, மீசை ஒட்டிக்கொண்டு, கண்ணாடியிடம் முழங்கிக்கொண்டிருந்தாள்.

காட்சியின் இந்திச் சுருக்கத்தைச் சுக்லாஜி சாவகாசமாகப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தோற்றது யார், பாயி சாப்?”

“இந்தப் பக்கத்து ராஜாக்கள்தான்.”

“ஜனவரி இருபத்தாறிலா? தீர்த்த யாத்திரை என்று போடுங்கள். பக்தன் தன் குடத்தைத் தானே சுமப்பான். இல்லையென்றால் காட்சியையே எடுத்துவிடலாம்.”

நித்யாவின் மீசையை நினைத்தேன். காலமெல்லாம் கோப்பில் குறிப்பு எழுதிய கை. ஒரு பேரரசின் படையெடுப்பை ஒரே கோட்டில் அடித்தது.

ஊரில், பள்ளிக்கூடத்தில் நாங்களும் இதே கதையை நடித்தோம். உடம்பு இருந்தவன் சோழன். நான் குடம் தூக்கிய வடநாட்டு ராஜா. வருஷம் முழுக்க எனக்கு ‘வடக்கத்தியான்’ என்றே பெயர். இப்போது லீவில் போனாலும் அந்தச் சோழன் தன் உரக்கடை வாசலில் நின்று, “வாடா வடக்கத்தியான், எப்ப கிளம்புற?” என்கிறான். போய் இறங்கிய அன்றைக்கே கேட்கிறான்.

திருத்திய தாளை நித்யா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யாத்திரைன்னா சேனா எதுக்குப்பா கூட வருது?”

சுக்லாஜி சொன்னதையும் நான் அடித்ததையும் சொன்னேன்.

“அச்சா. அப்ப நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?”

“நாமன்னா யாரு?”

“நாமதான். நீ, நான், சுக்லா அங்கிள்.”

அலமாரி நிறைய சரித்திரப் புத்தகம் வைத்திருக்கிறேன். எதிலும் இப்படி ஒரு ‘நாம’ இல்லை.

விழாவன்று மேடையேறினாள். “தீர்த்த யாத்திரையாக வந்தேன்” என்று சுத்தமான இந்தியில் சொன்னாள். பிறகு தமிழில், நான் அடித்த வரியையே சொன்னாள்: “வென்றேன், கங்கையைக் கொண்டேன்.” கூட்டத்தில் அது புரிந்தது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும். பலமாகக் கைதட்டியவர் சுக்லாஜி.

கடைசியில் சபையைக் கும்பிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. அவளிடம் கை மிச்சமில்லை. அட்டைக் கிரீடம் நழுவாமல் ஒரு கை, அதன்மேல் இருந்த குடம் சரியாமல் இன்னொரு கை. தண்ணீர் மீசையில் சொட்ட, அப்படியே நின்றாள்.