சீனியம்மாளின் ராசியான கை

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விவசாயி தவசி வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் ஒரு காரியம் நடந்ததில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கருப்பசாமி முன்னால் போட்டு, குழந்தை ஒன்றை ஒரு பொட்டலம் எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. சிவப்பென்றால் மறுபேச்சே கிடையாது. கிணறு வெட்டியதும் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்ததும் அப்படித்தான். ஐந்து வயதிலிருந்து பொட்டலம் எடுத்துக் கொடுத்தவள் இளையவள் சீனியம்மாள். ராசியான கை என்று ஊராரும் தங்கள் பூவை எடுக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கைக்கு வரையவும் வந்தது. கரிக்கட்டியால் அவள் சுவரில் போட்ட உழவுமாட்டில் இடது கொம்பின் கோணல்கூடத் தப்பவில்லை. தவசியைப் பொல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். எழுபத்தொன்பதாம் வருடம், ஓவியக் கல்லூரிக்கு மனுப் போடலாமா என்று பூக்கட்டினார். மூத்தவள் மகள் வெள்ளையை எடுத்தாள். ஊர்ப் பேச்சை ஒதுக்கிவிட்டு, நுழைவுத் தேர்வுக்கு மகளை அவரே மதுரைக்கு அழைத்துப்போனார்.

முதல் தாளுக்குப் பானையும் செம்பும் வைத்திருந்தார்கள். அச்சாக வரைந்தாள். இரண்டாவது தாளில் ஒரே வரிதான்: உங்களுக்குப் பிடித்ததை வரைக.

மாடா, வைகைப் பாலமா? இரண்டும் சீனியம்மாள் கண்ணுக்குள் நின்றன. உனக்கு எது பிடிக்கும் என்று பதினெட்டு வயதுவரை அவளை யாரும் கேட்டதில்லை, பாவம். அரை மணி நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓரத்தைக் கிழித்து, ஒரு துண்டில் மாடு, இன்னொன்றில் பாலம் என்று எழுதி மடித்தாள். தன் காரியத்துக்குத் தானே எடுக்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நீட்டினாள்.

"அக்கா, ஒண்ணு எடுத்துக் குடுங்க."

மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். துண்டுச் சீட்டு கைமாறுகிறது என்று அவளை வெளியே அனுப்பினார். பூக்கட்டும் வழக்கத்தைச் சொன்னால்தான் யார் நம்பப்போகிறார்கள்?

வெளியே மரத்தடியில் தவசி புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தார். நடந்ததைக் கேட்டு அவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பாள்.

"விடு ஆத்தா. அடுத்த வருசம் எழுதலாமான்னு கருப்பன்கிட்டயே கேப்போம்."

யாரையும் கேட்க வேண்டாம், எழுதியே தீருவேன் என்று சொல்ல அவளுக்கு நெஞ்சு முட்ட ஆசை.

"சரிப்பா" என்றாள்.

ஆடியில் பூக்கட்டினார்கள். மூத்தவள் மகள் கைக்குச் சிவப்பு வந்தது. இன்னொரு தடவை கேட்கலாமே என்று தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் எத்தனை பேருக்கு இதே கையால் சிவப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர்களில் ஒருவர்கூட மறுபடி கேட்டதில்லை. சீனியம்மாளும் கேட்கவில்லை.